இன்னும் ஒரு வருஷம், கார் பந்தயத்துக்காக

என் வீட்டுக்காரரைக் கையோடு ஊருக்குக் கூட்டி வருவதற்காகத்தான் நான் துபாய்க்குப் போனேன். சுற்றிப் பார்க்கப் போனாள், தங்கம் வாங்கப் போனாள் என்று எங்கள் தெருவில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குடவாசல் பக்கம் இதை "முடிச்சிட்டு வர்றது" என்போம். வேலையை விட்டு, விசாவை ரத்து செய்து, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுவது. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சபுராளிகள், அதாவது கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் காத்திருப்பது இந்த முடிச்சிட்டு வருவதற்குத்தான். இவருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விசா புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஒரு தடவை" என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். தங்கைகளின் கல்யாணம், ஓட்டைப் பிரித்து மாடி வீடு, வாய்க்கால் ஓரத்து வயல், மகள் பர்வீனின் படிப்பு, அப்புறம் அவள் கல்யாணம். அவளையும் கும்பகோணத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இனிக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

சம்பா அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட கையோடு போனில் சொன்னேன், "இந்தத் தடவை விசாவைப் புதுப்பிக்காதீங்க." "நீ ஒரு தடவை இங்க வந்து பாரேன் ஹலீமா. நேர்ல பேசிக்கலாம்" என்றார். இத்தனை வருஷம் போனிலேயே குடும்பம் நடத்திய மனுஷன் நேரில் பேச வேண்டும் என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? மாட்டை நாத்தனாரிடமும் வீட்டுச் சாவியைப் பர்வீனிடமும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒருத்தர் விமானம் ஏறுகிறார் என்று தெரிந்தால் போதும், எங்கள் ஊரில் தெருவே சாமான் கொடுத்துவிடும். மறுக்கக் கூடாது, மறுத்தால் அடுத்த பெருநாள் வரை பேச மாட்டார்கள். என் பெட்டியில் என் புடவைகள் ஒரு ஓரமாக ஒடுங்கிக் கிடந்தன. மற்றதெல்லாம் யார் யாருடைய பிள்ளைகளுக்கோ போகிற மாசி மீன், கருவாடு, வடகம், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய். அதோடு என் வயலில் விளைந்து ஒரு வருஷம் பழசாக்கிய அரிசியும் ஒரு பை இருந்தது.

விமான நிலையத்தில் ஒரு இளவயது அரபு அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு வடக உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். அரபியில் ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற மலையாளி ஒருவர், "இது மருந்தான்னு கேக்குறாரு" என்று சொன்னார். குழம்புக்குத் தாளிக்கிறது என்றேன். அதை மொழிபெயர்த்ததும் அதிகாரி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆழமாக முகர்ந்து, மூன்று முறை தும்மி, கையை ஆட்டிப் போகச் சொன்னார். கருவாட்டுப் பொட்டலத்தை அவர் தொடவே இல்லை. எங்கள் வடகத்துக்கு நன்றி.

வெளியே இவர் நின்றுகொண்டிருந்தார். ஊருக்கு வரும்போது போடும் சென்ட் வாசனை இல்லை, சலவைச் சட்டை இல்லை. நீலத் துணியில் தைத்த வேலை உடுப்பு, முழங்கையில் கிரீஸ். பெயர் ஜமால் என்று நெஞ்சில் தைத்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவரை வேலை உடுப்பில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். நன்றாகத்தான் இருந்தார்.

இவருக்கு ரெக்கவரி வண்டியில் வேலை. வழியில் நின்றுபோன கார்களையும், மோதி நசுங்கிய கார்களையும் சங்கிலி மாட்டி இழுத்து மேலே ஏற்றிக்கொண்டு போகும் பெரிய வண்டி. சமீபத்தில்தான், இழுத்து வந்த கார்களை நிறுத்தி வைக்கும் யார்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு உயர்த்தியிருந்தார்கள். ஆனாலும் என்னைக் கூட்டிப் போக அந்த வண்டியைத்தான் கொண்டுவந்திருந்தார். காரில் வந்து அழைத்துப் போவார் என்று நாத்தனாரிடம் பெருமை அடித்திருந்தேன்.

பாதி வழியில் ஆபீசிலிருந்து போன். பக்கத்தில் ஒரு கார் நின்றுவிட்டது, வேறு வண்டி இல்லை. இவர் என்னைப் பார்த்தார். "போங்க, உங்க வேலை எப்படி நடக்குதுன்னு நானும் பாக்குறேன்" என்றேன். காரை மேலே ஏற்றியதும், அதன் சொந்தக்காரியான எகிப்துக்காரப் பெண் இரண்டு குழந்தைகளோடு முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கருவாட்டுப் பை எங்கள் இருவர் காலுக்கும் நடுவில். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனில் யாரிடமோ படபடவென்று பேசினாள். இவர் சாலையைப் பார்த்தபடியே எனக்கு மொழிபெயர்த்தார். "'மீன் லாரியில வந்துக்கிட்டிருக்கேன், பயப்படாதீங்க'ன்னு புருஷன்கிட்ட சொல்லுது." கொஞ்ச தூரத்தில் அவளுடைய சின்னக் குழந்தை என் மடியில் சாய்ந்து தூங்கிப்போனது. இறங்கும்போது அவள் என் கன்னத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முத்தம் வைத்துவிட்டுப் போனாள். மீன் வாசனை பழகிவிட்டது போல.

இவர் தங்குவது ஆண்கள் மட்டும் இருக்கும் அறையில். பெண்சாதி வந்தால் அங்கே வைத்துக்கொள்ள முடியாது. அதற்கும் அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. யாராவது குடும்பத்தோடு ஊருக்குப் போயிருப்பார்கள், அந்த வீட்டுச் சாவி கைமாறி வரும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு நாகூர்க்காரருடைய வீடு. சமையலறையில் எல்லாம் இருந்தன. எந்த டப்பாவைத் திறந்தாலும் அந்த வீட்டுக்காரி என்ன நினைப்பாளோ என்று கூச்சமாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஊர்ச் சாமானை வாங்கிப் போக ஆட்கள் வந்துவிட்டார்கள். என் அரிசியில் நெய்ச்சோறு ஆக்கி, பருப்பும் கறியும் சேர்த்துத் தாளிச்சா வைத்தேன். சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நான்கு பேர் ஐந்து பேராகச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். கட்டட வேலையில் இருக்கும் ஆள், கடையில் கணக்குப் பார்க்கும் ஆள் எல்லாம் ஒரே தட்டில். இவருடைய அறைத்தோழர் செல்வமும் அதில் உட்கார்ந்தார். திருக்காட்டுப்பள்ளிக்காரர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்து மகனைப் படிக்க வைத்தவர்கள். இப்போது இவருடைய பழைய ரெக்கவரி வண்டியை ஓட்டுகிறவர் அவர்தான். ஒரு கவளத்தை வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். "அக்கா, இது நம்ம தண்ணி குடிச்ச அரிசி" என்றார். அப்படி ஒரு நற்சான்றிதழ் எனக்கு எந்த வேளாண்மை ஆபீசரும் கொடுத்ததில்லை.

மறுநாள் காலை பசியாறிய பிறகு நான் பேச்சை எடுத்தேன். எல்லாக் கடமையும் முடிந்துவிட்டது, பர்வீன் கல்யாணமும் முடிந்தது, எனக்கும் தனியாக வயலோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது, வாங்க போகலாம் என்றேன். இவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

"அடுத்த சீசன் ரேஸ் தேதி. அக்டோபர்ல ஆரம்பிக்குது. மாசத்துக்கு ஒண்ணு, மார்ச் வரைக்கும். எல்லாத்தையும் பாக்கணும்னு இருக்கேன். இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வரவா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. என்ன ரேஸ் என்று கேட்டேன். கார் ரேஸ் என்றார். பாலைவனத்தில் புதிதாகப் பந்தயச் சாலை கட்டியிருக்கிறார்களாம். பந்தயம் நடக்கும்போது கார் ஏதாவது கவிழ்ந்தாலோ நின்றாலோ தூக்குவதற்கு இவருடைய கம்பெனி வண்டி அங்கே நிற்குமாம். இவர் அதில்தான் இருந்தாராம்.

"அதான் பாத்துட்டீங்களே, அப்புறம் என்ன?"

"எங்க பாத்தேன்? பின்னாடி ஒரு வளைவுல எங்களை நிறுத்திடுவாங்க. டயரை அடுக்கி வச்சிருக்கும், அதுக்குப் பின்னாடி. கார் வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. சத்தம் கேக்கும். உடைஞ்சதுதான் எங்கிட்ட வரும். எப்படிக் கெளம்புறாங்க, யாரு ஜெயிக்கிறா, ஒண்ணும் பாத்ததில்ல. இப்ப யார்டுக்கு மாத்திட்டாங்க, வெள்ளிக்கிழமை லீவு. டிக்கெட் எடுத்து, சீட்ல உக்காந்து பாக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். இவரைக் கூட்டிப் போக நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன், இவர் கார் ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம். "கார்தான் பாக்கணும்னா கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல நில்லுங்க, நாள் முழுக்க ஓடும்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கோபத்தில் போனவள் வழியைப் பார்த்துப் போயிருக்க வேண்டும். அங்கே எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு, ஒரே நிறம். பெரிய கடை ஒன்றில் நுழைந்து அரிசி அடுக்கியிருந்த பக்கம் போய், "பொன்னி" என்று எழுதியிருந்த மூட்டையில் நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். பொன்னி என்று எழுதினால் பொன்னி ஆகிவிடுமா? வெளியே வந்தால் வந்த வழி தெரியவில்லை. ஒரு டாக்சியில் ஏறி, தெரிந்த ஒரே அடையாளமாக, வீட்டுக்குக் கீழே இருந்த மலையாளி மளிகைக் கடையின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் ஊரெல்லாம் கடை இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

டாக்சிக்காரர் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணியர். நாலாவது கடையில்தான் எங்கள் வீடு கிடைத்தது. அவர் ஏதோ சொல்லிச் சிரிக்க, மளிகைக்கடைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். "சண்டை போட்டுட்டு வந்தீங்களான்னு கேக்குறாரு. எங்க ஊர்ல பெண்டாட்டிக்குக் கோபம் வந்தா அம்மா வீட்டுக்குப் போயிடுவா, இங்க பாவம் டாக்சியிலதான் சுத்தணும்னு சொல்றாரு." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இவர் கதவைத் திறந்ததும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். இவ்வளவு அலைந்துவிட்டு உடனே சமாதானமானால் அலைச்சலுக்கு என்ன மரியாதை?

உண்மையில் என்னை உறுத்தியது ரேஸ் அல்ல. ஊருக்கு வர இவருக்கு இஷ்டமில்லையோ, என்னோடு இருக்க இஷ்டமில்லையோ என்பதுதான். அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

அந்த சீசனின் கடைசிப் பந்தயம் மறுநாள் வெள்ளிக்கிழமை. இரண்டு டிக்கெட் எனக்குச் சொல்லாமலே எடுத்து வைத்திருந்தார். எடுத்த டிக்கெட்டை வீணாக்கக் கூடாதே என்று கிளம்பினேன். ஜும்மா தொழுகை முடிந்ததும் செல்வம் ரெக்கவரி வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டு, அவருடைய வளைவுக்குப் போய்விட்டார்.

நான் சும்மா போகவில்லை. பொழுது சாயும் வரை உட்காரும் இடம் என்றதும், தர்கா கந்தூரிக்குப் போவது போல ஒரு பெரிய தேக்சாப் பாத்திரம் நிறையப் பிரியாணி ஆக்கித் துணி சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். வாசலில் நின்ற நேபாளிக் காவலர் தேக்சாவைப் பார்த்து மிரண்டுவிட்டார். வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாதாம். உள்ளே விற்பதைத்தான் வாங்கிச் சாப்பிட வேண்டுமாம். ரொட்டிக்குள் இலையைத் திணித்து விற்கிறார்கள், அதை யார் சாப்பிடுவது? நான் அங்கேயே மரநிழல் மாதிரி ஒரு கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். வாசனை போன திசையில் காவலரும் திரும்பினார். அவர் தட்டோடு வந்தார், அவருடைய சினேகிதர் வந்தார், டிக்கெட் கிழிக்கும் ஆள் வந்தார். "என் அம்மாவும் இப்படித்தான், திருவிழாவுக்குப் போனால் வீட்டையே கட்டிக்கொண்டு போவாள்" என்று காவலர் இந்தியில் சொன்னதை இவர் எனக்குச் சொன்னார். தேக்சா காலியானது. காலி தேக்சாவையும் உள்ளே விடவில்லை, காவலரே பார்த்துக்கொண்டார்.

உள்ளே போனால் படிப்படியாக உட்காரும் இடம், எதிரே கறுப்பு வழவழப்பாகச் சாலை. இவ்வளவு நல்ல ரோட்டை வட்டமாகப் போட்டு எங்கேயும் போகாமல் வைத்திருக்கிறார்கள். குடவாசலிலிருந்து கும்பகோணம் போகும் ரோட்டை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பிலிப்பினோப் பெண் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தாள். எந்தக் காருக்கு உங்கள் ஆதரவு என்று சைகையில் கேட்டாள். வாழைக்குருத்து நிறத்தில் ஒன்று நின்றது, அதைக் காட்டினேன்.

கார்கள் வரிசையாக வந்து நின்றன. மேலே சிவப்பு விளக்குகள் எரிந்தன. கூட்டம் அடங்கிவிட்டது. நான் இவரைப் பார்த்தேன். இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாளுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார். விளக்கு அணைந்தது. இருபது முப்பது கார்களும் ஒரே சமயத்தில் சீறின. பஞ்சையும் மீறி என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. முக்காட்டை இழுத்துக் காதோடு சேர்த்துப் பொத்திக்கொண்டேன். இவர் எழுந்து நின்றுவிட்டார். கார்கள் போன பிறகும் உட்காரவில்லை. என் பக்கம் திரும்பி, "இப்படித்தான் கெளம்புறாங்களா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பார்ப்பது வேறு ஒரு முகம், எல்லோரையும் விசாரித்து எல்லோருக்கும் தலையாட்டும் முகம். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஆட்டம் பிடிபட்டது. என் பச்சைக் கார் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே பெரிய திரையில் எல்லா வளைவும் தெரியும். ஒரு வளைவில் அது சறுக்கி, ஓரத்தில் கொட்டியிருந்த சரளைக்கல்லில் இறங்கிவிட்டது. ஓட்டுகிறவன் வண்டியை முறுக்கினான். சக்கரம் சுற்றச் சுற்றப் புதைந்தது. சேற்றில் டிராக்டர் இறங்கினாலும் எங்கள் ஊர்ப் பையன்கள் இதே தப்பைத்தான் செய்வார்கள். "முறுக்காதடா! இன்னும் இறங்கும்!" என்று நான் எழுந்து கத்தினேன். நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. பிலிப்பினோப் பெண் கைதட்டினாள்.

அதற்குள் இவரும் எழுந்துவிட்டார். எழுந்தது மட்டுமல்ல, படியில் இறங்கப் போனார். அது இவருடைய வளைவு. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க. இன்னிக்கு நீங்க டிக்கெட் எடுத்தவரு."

உட்கார்ந்தார், ஆனால் கால் நிலைகொள்ளவில்லை. திரையில் செல்வம் சங்கிலியோடு ஓடுவது தெரிந்தது. "அங்க மாட்டாத, அங்க மாட்டாத, கீழ கொக்கி இருக்கு பாரு" என்று இவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். செல்வம் சரியாகத்தான் மாட்டினார். கார் மேலே ஏறியதும் இவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. கடைசியில் கட்டம் போட்ட கொடியை ஆட்டினார்கள். ஜெயித்தது யாரோ ஒரு வெள்ளைக்காரர். சொந்தத் தம்பியே பரீட்சையில் தேறிய மாதிரி இவர் கைதட்டினார்.

திரும்பும் வழியில் என் பச்சைக் கார் எங்கள் வண்டியின் மேல் இருந்தது. அதை ஒரு ஒர்க்ஷாப்பில் இறக்க வேண்டும் என்று செல்வம் எங்களை ஒரு கேரளாக்காரர் டீக்கடையில் விட்டுப் போனார். அங்கே யாரும் காரை விட்டு இறங்குவதில்லை. ஹாரன் அடித்தால் பையன் ஓடிப்போய் டீயைக் காருக்குள் கொடுக்கிறான். கார் இல்லாத நாங்கள் இருவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஏலக்காய் தூக்கலான டீ. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. ஊருக்கு வரப் பிடிக்கலையா?"

இவர் டீயைக் கீழே வைத்தார். "வரத்தான் பிடிக்கும். ஆனா ஊர்ல வந்து இறங்கின அன்னிக்கே, எப்ப வந்தீங்க, எப்ப பயணம்னு ஒரே மூச்சுல கேக்குறாங்க. நீகூட நான் இருக்கிற நாள் பூரா நல்ல தட்டை எடுத்து வைக்கிற. ஒரு வேலை செய்ய விடமாட்டேங்குற. வயலுக்குப் போனா குடை புடிச்சு நாற்காலி போடுறீங்க. எனக்கு அங்க என்ன இடம்னு எனக்கே தெரியல. அது பயமா இருக்கு, அவ்வளவுதான். வரமாட்டேன்னு சொல்லல."

இவர் ஊருக்கு வருகிற தேதி தெரிந்தால் கண்ணாடி அலமாரியில் இருந்து அந்தத் தட்டுகளை எடுத்துக் கழுவுவேன். அது பிரியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இத்தனை நாளும் நீட்டிக்கிட்டே போனது அவங்கவங்களுக்கு" என்றார். "தப்புன்னு சொல்லல, சந்தோஷமாத்தான் செஞ்சேன். இந்த ஒரு வருஷம் எனக்கு. கேக்கலாம்ல?"

கேட்ட விதம்தான் என்னை உடைத்தது. ஏதோ தெருவில் யாரிடமோ கைம்மாற்று கேட்கிறவர் மாதிரி. தங்கைகளுக்கு, வீட்டுக்கு, வயலுக்கு, மகளுக்கு என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் ஒரு தடவையும் யோசிக்காமல் சரி என்றவர். தனக்கென்று இவர் கேட்பது இதுதான் முதல் தடவை, அதுவும் உட்கார்ந்து கார் பார்ப்பதற்கு. நான் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "பாருங்க. எல்லா ரேஸையும் பாருங்க. ஆனா தேதியைக் கணக்குப் பாக்கணும், என் வயல் வேலையையும் சேத்து" என்றேன்.

எந்தெந்தப் பந்தயத்துக்கு நானும் வர முடியும் என்று பார்க்க, அடுத்த நாள் அந்தத் தாளை மறுபடி விரித்தோம். இந்தத் தடவை நான்தான் விரித்தேன். டிபன் சாப்பிட வந்த செல்வமும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இவருக்குத் தமிழ் மாதம் மறந்துவிட்டது, எனக்கு இங்கிலீஷ் மாதத்தில் வயல் ஓடாது. அதனால் செல்வம் ஒவ்வொரு தேதியையும் எனக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"முதல் ரேஸ் ஐப்பசி ஆரம்பத்துல வருதுக்கா."

"நடவு முடியிற நேரம். ஆளே கிடைக்காது. முடியாது."

"அடுத்தது கார்த்திகை."

"மழை. வடிகாலை விட்டு நகர முடியாது."

"மார்கழி?"

"மார்கழியில பயிரு பால் பிடிச்சு நிக்கும். நான் நின்னாலும் நிக்கலைனாலும் ஒண்ணுதான். வர்றேன், போட்டுக்கங்க."

தை மாதம் அறுவடை, மாசியில் உளுந்து, பங்குனியில் வரும் கடைசிப் பந்தயத்துக்குத்தான் கை ஓயும். பந்தயக்காரர்கள் எங்கள் சம்பாவோடு மல்லுக்கு நிற்பதற்கென்றே தேதி குறித்த மாதிரி இருந்தது. "பேசாம நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்து இரேன்" என்றார் இவர்.

"நீங்க கார் பாக்க நான் வயலை விடணுமா? நல்லா இருக்கே கதை" என்றேன். "வாய்க்கால் ஓரத்து வயல்ல மட்டும் நடவு இல்லாம நேரடியா விதைச்சிடுறேன். ஆவணியிலயே வேலை முடிஞ்சிடும். மழை கருணை காட்டினா ஐப்பசிக்கும் வருவேன். ஆனா ஒண்ணு, தை ரேஸை நீங்க விடணும். அறுப்புக்கு ஊருக்கு வரணும். விருந்தாளியா இல்ல. மிஷின்காரங்கிட்ட நீங்கதான் பேசணும், நெல்லு காயப் போட நீங்கதான் நிக்கணும். நாற்காலி கிடையாது."

"நேரடி விதைப்புல களை மண்டுமே அக்கா. எங்கம்மா கேட்டா அடிக்க வரும்" என்றார் செல்வம்.

"களைக்கு நான் பாத்துக்கிறேன். நீங்க சங்கிலியைப் பாத்துக்கங்க."

இவர் பேனாவை எடுத்து, தை மாதப் பந்தயத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் "அறுப்பு" என்று எழுதினார். மார்கழிக்கும் கடைசிப் பந்தயத்துக்கும் எதிரே "ஹலீமாவும்" என்று எழுதினார். ஐப்பசிக்கு எதிரே கேள்விக்குறி போட்டார்.

மிச்ச நாட்களில் எங்கெங்கோ சுற்றினோம். கடலோரத்தில் கால் நனைத்தோம். மீன் மார்க்கெட்டில் நான் பேரம் பேசியதை வங்காளி மீன்காரர் வேடிக்கையாகப் பார்த்து, "இந்த அம்மா தினமும் வந்தால் நான் ஊருக்கே போய்விடுவேன்" என்றாராம். பாவம், அவராவது முடித்துக்கொண்டு வரட்டும். தனியாகத்தான் ஊர் திரும்பினேன். விமான நிலையத்தில் நாத்தனார் என் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். அவளிடம் இன்னும் ஒரு வருஷம் என்றேன். எதற்கு என்று அவள் கேட்டாள். கார் பந்தயம் பார்க்க என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்து இன்றுவரை சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

மழை கருணை காட்டவில்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்து கொட்டித் தீர்த்தது. முதல் பந்தயத்தன்று நான் துபாயில் இல்லை. முழங்கால் தண்ணீரில், வாய்க்கால் ஓரத்து வயலில், மண்வெட்டியோடு வரப்பை வெட்டி வடிய விட்டுக்கொண்டிருந்தேன். நேரடியாக விதைத்த பயிர் தலைமட்டும் காட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது.

இவருடைய போன் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். மழை பெய்ததா, உரம் வாங்கினாயா, பர்வீன் எப்படி இருக்கிறாள், தங்கச்சி வீட்டுக்காரருக்கு உடம்பு தேவலையா. கேட்டு முடித்ததும் வைத்துவிடுவார். நானும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வாயைத் திறந்துகொண்டுதான் போனைக் காதில் வைத்தேன்.

ஒரே இரைச்சல். அதற்கு மேலே இவர் கத்தினார். "ஹலீமா, கேக்குதா? கெளம்பிட்டாங்க! இந்தப் பக்க சீட்லேருந்து பாத்தா எல்லாரும் நேரா நம்ம மேல வர்ற மாதிரி இருக்கு!"

"கேக்குதுங்க" என்று நானும் மழையில் கத்தினேன்.

அதற்கப்புறம் ஒரு சுற்று முழுக்க இவரே பேசினார். எந்தக் கார் முன்னால், எது பின்னால், யார் யாரை எங்கே முந்தினார்கள். பர்வீனைக் கேட்கவில்லை. தங்கையைக் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்ததா என்றுகூடக் கேட்கவில்லை. வயலில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.